வில்லை எண் 318: பதிவேட்டில் ஒரு சொல்லைத் திருத்தக் கோரி

அனுப்புநர்
அ. கஸ்பார்,
செய்தி நிருபர்,
கதவு எண் 27, கயிற்றுக்காரத் தெரு,
ராயபுரம், சென்னை-13.

பெறுநர்
சுகாதார அதிகாரி அவர்கள்,
வடக்கு வட்டார நாய்ப்பிடிப் பகுதி,
சென்னை.

பொருள்: 6-2-1951 செவ்வாய்க்கிழமை ராயபுரத்தில் பிடித்துக் கொல்லப்பட்ட நாயைப் பற்றிய பதிவில் ‘வெறி’ என்ற சொல்லை நீக்கக் கோருவதும், வேறு இரண்டு வேண்டுகோள்களும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு தமிழ் நாளிதழுக்குத் துறைமுகச் செய்திகளும் வடசென்னைச் செய்திகளும் எழுதி வருகிறேன். வாரத்தில் மூன்று மாலைகள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போகிறவன் நான்தான். தங்கள் குமாஸ்தாக்கள் என்னை அறிவார்கள். இம்முறை நான் செய்தி கேட்டு வரவில்லை. பதிவேட்டில் உள்ள ஒரு சொல் தவறு என்று தெரிவிக்க வந்திருக்கிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2. நாயின் பெயர் ராய். தெருவில் எல்லோருக்கும் ராயன். ஸ்காட்லாந்தில் ஆடு மேய்க்க வளர்க்கும் இனம். கறுப்பு உடல், வெள்ளைப் பாதங்கள், கழுத்தைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு வெள்ளை உரோமம். இந்தக் கழுத்து உரோமத்தைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் போர்மனாக இருந்த மக்ரே துரை 14-11-1947 வெள்ளிக்கிழமை ஊர் திரும்பினார். கப்பலில் நாயை ஏற்றிச் செல்ல அவருக்கு வசதி கிடைக்கவில்லை. கப்பல் செய்திக்காக அவரிடம் பல ஆண்டுகள் போய்வந்த பழக்கத்தால், நாயை வைத்துக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் என் மனைவி பிலோமினாளையும், அப்போது ஏழு வயதான என் மகள் செலினையும் துறைமுகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். துரை கயிற்றை என் மனைவி கையில் கொடுத்தார். குனிந்து நாயின் காதருகே ஏதோ சொன்னார். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஏணியில் ஏறிவிட்டார். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கப்பல் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். 10.40.

4. கேட்டவள் என் மனைவி. துரை சொன்னது ‘தட்டில் இடு’ என்று அவள் காதில் விழுந்தது. நாய்க்குத் தரையில் போடாமல் தட்டில் சோறு போடும்படி துரை கேட்டுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “பத்து வருஷம் இங்க கெடந்ததுக்கு இந்த ரெண்டு வார்த்தையாவது கத்துகினாரே, நல்ல மன்சன்.” அன்று பகலில் நீலக்கரை போட்ட எனாமல் தட்டு ஒன்றில் மீன்குழம்புச் சோறு போட்டு, கொல்லைப்புறத்தில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த நாயைப் பார்த்து, “தட்டிலிடு” என்றாள். நாய் அந்த நொடியில் நின்றது. நேராக அவள் காலடிக்கு வந்து நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரே சொல்லாகிவிட்டது.

5. இந்த இனத்து நாயை வீட்டில் வளர்ப்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடியலில் காசிமேட்டிலிருந்து டோல்கேட் வரை நடத்தி அழைத்து வந்தால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். அது இன்னும் நடை தொடங்கவில்லை என்பது போல என்னைப் பார்க்கும். சும்மா இருக்க அதற்குத் தெரியாது. சிதறிக் கிடப்பது எதுவானாலும் ஒன்றுசேர்த்தாக வேண்டும். எங்கள் ஐந்து கோழிகளையும் அடுப்பங்கரை மூலையில் சேர்த்துவைத்து அரைநாள் காவல் இருந்தது. என்னைப் பார்க்க வந்த அச்சுக்கூட நண்பரும் என் மைத்துனரும் அரைமணி நேரம் பேசிய பிறகுதான், தாங்கள் இருவரும் நாற்காலியை விட்டெழுந்து ஒரே மூலையில் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் கவனித்தார்கள். மாதா தேர்ப் பவனியின்போது பீடி பிடிக்க ஒதுங்கிய ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டத்துக்குத் திருப்பி ஓட்டி வந்தது. பங்குச்சாமியார் மறுவாரம் பிரசங்கத்தில் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். ஒருமுறைகூட அது யார் மீதும் பல் பதித்ததில்லை.

6. அது வேலை செய்யும் முறையைத் தாங்கள் அறிந்திருப்பது அவசியம். வழக்கே அதில்தான் இருக்கிறது. உடலைத் தரையோடு தாழ்த்தும். தலை நீட்டி, கண் இமைக்காமல் வெறித்துப் பார்க்கும். நாக்கு தொங்க, வாயில் நுரை தள்ள, கூட்டத்தைச் சுற்றி வட்டமாக ஓடும். வட்டம் சிறிதாகிக்கொண்டே வரும். ஆடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றதும் அதுவும் படுத்துவிடும். தெரியாதவர் கண்ணுக்கு இது எப்படிப் படும் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முன்பே நினைத்திருக்க வேண்டும்.

7. 1948 ஆகஸ்டில் அதற்கு வேலை கிடைத்தது. ஆட்டு வியாபாரி மதார் சாகிப் அவர்களுக்கு வாரம் மூன்று நாள் கொருக்குப்பேட்டைச் சரக்கு நிலையத்தில் ஆடுகள் வந்து இறங்கும். அவற்றை ரயில் பாதையும் லாரிப் பாதையும் தாண்டி நடத்தி வருவது பெரிய தொல்லை. ஒருநாள் காலை அவருடைய அறுபது ஆடுகள் தெருவில் சிதறி ஓட, ராயன் என் கையிலிருந்த கயிற்றைப் பறித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒரு வேலியோரம் சேர்த்து நிறுத்தியது. மதார் சாகிப் மறுநாளே வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னதை, மனுவுக்குப் பொருந்தாத ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே தருகிறேன்: “இன்னா கஸ்பாரு, நான் அத்த தொட மாட்டேன், அது என்ன தொட வாணாம். தூர நின்னுகினே வேல பாக்குற ஆளு எனக்கு வேற எங்க கெடைப்பான்? என் ஆளுங்க கிட்ட நின்னாலும் பாக்க மாட்டானுங்க.” அன்று முதல் இரண்டரை ஆண்டுகள் ராயன் அந்த ஆடுகளை ஓட்டிவந்தது. வேலை இருந்த நாட்களில் வீட்டில் பூனையைப் போல் படுத்திருந்தது.

8. எவ்வளவு வேகத்தில் ஓடினாலும், எங்கே இருந்தாலும், “தட்டிலிடு” என்ற சொல் கேட்டால் நின்றுவிடும். திரும்பி வந்துவிடும். வேறு எந்தச் சொல்லுக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும்கூட, வேலையின் நடுவே அது வராது. இந்தச் சொல்லுக்கு என் மனைவி ஒரு கட்டளை வைத்திருந்தாள். தட்டில் போட ஒன்றும் இல்லாதபோது அதைச் சொல்லக்கூடாது. ஒருமுறை செலின் விளையாட்டாகச் சொல்லி, ஓடிவந்த நாய் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. அதைக் கண்ட பிலோமினாள் மகளைக் கடிந்துகொண்டாள்: “வாய் இல்லாத ஜீவன்டி. சோறுன்னு கூப்ட்டு சோறு போடாம ஏமாத்துனா, அப்புறம் நம்ம பேச்ச அது எப்டி நம்பும்?” அதன் பிறகு செலின் அந்தக் கட்டளையை மீறியதே இல்லை. கைப்பிடி பழையசோறாவது தட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

9. இனி 6-2-1951. அதற்கு முந்தைய ஒன்பது நாட்கள் கொருக்குப்பேட்டைக்கு ஆட்டு வண்டி வரவில்லை. ராயனுக்கு வேலை இல்லை. எங்கள் ரேஷன் புதன்கிழமை வாங்க வேண்டியது. அரிசி அளவு குறைக்கப்பட்ட பிறகு செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பானை பெரும்பாலும் காலியாகிவிடும். அன்று காலை இருந்த பழையசோற்றைச் செலினும் ராயனும் சாப்பிட்டார்கள். ராயன் ஒரு சட்டி தண்ணீரும் குடித்தது. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்க இயலாமல் தவிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஏழரை மணிக்குத் துறைமுகம் போய்விட்டேன். என் மனைவி பதினோரு மணிக்குக் கொருக்குப்பேட்டையில் உள்ள தன் தங்கையிடம் கொஞ்சம் அரிசி கேட்டு வாங்கிவரப் போனாள்.

10. பன்னிரண்டு மணிக்குப் பள்ளி இடைவேளையில் செலின் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். நாய் வெளியே நழுவியது. தெருவில் பதின்மூன்று குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது தங்கள் நாய்வண்டி முனையில் திரும்பியது. வண்டியையும் நாய் பிடிக்கும் வளைய இடுக்கியையும் கண்ட குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு நாலா பக்கமும் ஓடினார்கள். சிதறி ஓடும் கூட்டத்தைக் கண்டால் ராயன் என்ன செய்யும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அன்றும் அதைத்தான் செய்தது.

11. தங்கள் பதிவில் ‘குழந்தைகளைத் துரத்தியது’ என்று இருக்கிறது. எதிர்வீட்டுத் திண்ணையோரம் மீன்கூடையுடன் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் நடந்தது முழுவதையும் பார்த்தவர். அவர் கைநாட்டிட்ட வாக்குமூலத்திலிருந்து: “தொரத்தல நைனா. ஓட்டிகினு இருந்திச்சி. தெக்கால ஓடுன பசங்கள வடக்க திருப்பிச்சி, வடக்க ஓடுனதுங்கள இட்டாந்து எங்கூட்டு செவுத்தாண்ட நிக்க வெச்சிச்சி. பசங்க பாதி சிரிக்கிதுங்க, பாதி கத்துதுங்க. டெய்லி ஆட்ற ஆட்டந்தான. வண்டில வந்த மேஸ்திரி, கண்ணப் பாரு, நொரையப் பாரு, வெறி ஏறிகினு கீதுன்றான். நான் கூடைய போட்டுட்டு ஓடி, டேய் கஸ்மாலம், அது வெறி இல்லடா, வேலடா, வேல செய்துடான்னு கத்தறேன். எவன் கேட்டான்? கழுத்துல வளையத்த மாட்ட சொல்லோ அது பசங்களத்தான் பாத்துகினு இருந்திச்சி. இவனுங்கள பாக்கவே இல்ல.” வசைச்சொல் ஒன்றை அவர் நீக்க மறுத்துவிட்டார். மன்னிக்கவும்.

12. கதவருகே நின்ற என் மகள் “ராயா வா, ராயா வா” என்று பலமுறை கூப்பிட்டாள். அது வரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், மேஸ்திரி வளையத்தை எடுப்பதற்குள் அது வீட்டுக்குள் வந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அன்று மாலை அவள் தாய் கேட்டபோது செலின் சொன்ன பதில் இது: “பானைல ஒண்ணுமே இல்லியேம்மா. சொன்னா வந்துடும். வந்து தட்டு காலியா கீறத பாத்தா அது இன்னா நெனிக்கும்?” நேரம் பகல் 12.20. என் மனைவி அரைப்படி அரிசியுடன் வீடு வந்து சேர்ந்தது 12.50-க்கு.

13. நாயின் கழுத்தில் தோல் பட்டையும், அதில் உரிமம் பெற்றதற்கான பித்தளை வில்லையும், வில்லையில் 318 என்ற எண்ணும் இருந்தன. உரோமத்துக்குள் மறைந்திருந்தன. இரண்டு விரலை உள்ளே விட்டிருந்தால் தட்டுப்பட்டிருக்கும். உரிமச் சீட்டை இணைத்திருக்கிறேன். உரிமம் உள்ள நாயை மூன்று நாட்களும், வெறி என்று சந்தேகப்படும் நாயைப் பத்து நாட்களும் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்பது தங்கள் அலுவலகச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும் விதி. அதை நம்பித்தான் என் மனைவி நான் வரும்வரை காத்திருந்தாள். பதிவின்படி நாய் கொல்லப்பட்டது அன்று பகல் 3.10-க்கு. பிடித்த நேரத்திலிருந்து இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

14. அன்று மாலை 4.15-க்கு வழக்கம்போல் நான் தங்கள் அலுவலகம் வந்தேன். குமாஸ்தா வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். ‘ராயபுரம். ஆண் நாய் ஒன்று. வெறி. குழந்தைகளைத் துரத்தியது. கடிபட்டவர் இல்லை. அழிக்கப்பட்டது.’ தெருவின் பெயர் இல்லை, நிறம் இல்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து மணிக்குச் செய்தியைக் கொடுத்தேன். “ராயபுரத்தில் நேற்று குழந்தைகளைத் துரத்திய வெறி நாய் ஒன்று பிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை.” கடைசி இரண்டு சொற்கள் பதிவேட்டில் இல்லாதவை. வழக்கத்தால் நானே சேர்த்தவை. ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போனபோது வாசலில் என்னைப் பார்த்துக் குரைக்க யாரும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும், நாய்களைக் கொல்லும் பின்புறக் கொட்டகைக்கும் முப்பது அடிகூட இராது.

15. செய்தி மறுநாள், சாம்பல் புதன் காலை, வெளிவந்தது. அதன் விளைவைத் தாங்கள் அறிய வேண்டும். வெறி நாயோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் என்பதால் நாங்கள் மூவரும் பதினான்கு நாட்கள் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டோம். செலின் ஒருநாளும் அழவில்லை. அழாதது பற்றி நர்ஸ் அம்மாள் பாராட்டியபோது, “எனக்கு வேணும்தான்” என்றாள். ஊசி முடிந்தும் அவளால் பள்ளிக்குப் போக முடியவில்லை. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் ஒப்பவில்லை. பள்ளித் தலைவி இரக்கமுள்ளவர். ஆயினும் மேசையில் இருந்த பத்திரிகையை எடுத்து என் முன் வைத்து, “இது தவறென்றால் திருத்தம் வந்திருக்குமே” என்றார். நான் எழுதிய மூன்று வரிகளைத்தான் அவர் எனக்குக் காட்டினார். திருத்தம் வெளியிட எங்கள் ஆசிரியர் தயாராக இருக்கிறார். ஆனால் பதிவேட்டில் உள்ளதற்கு மாறாக அச்சிடுவதில்லை என்பது அவருடைய விதி. அந்த விதியைப் புதிதாகச் சேரும் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

16. இன்னொன்றையும் எழுத வேண்டும். தங்கள் முடிவுக்கு இது தேவையில்லாமல் இருக்கலாம். 21-2-1951 அன்று துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலின் இரண்டாம் அதிகாரியிடம் வருகை விவரம் வாங்கப் போனேன். அவர் ஸ்காட்லாந்தில் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. ராயனைப் பற்றியும், மக்ரே துரை அதன் காதில் சொன்ன தமிழைப் பற்றியும் சொன்னேன். என் மனைவி சொல்வது போலவே “தட்டிலிடு” என்று சொல்லிக் காட்டினேன். அவர் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அது தமிழ் அல்ல. ‘தட் வில் டூ’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை அவர்கள் ஊரில் ‘தட்டில்டூ’ என்று சேர்த்துச் சொல்லும் விதம். மேய்ப்பன் நாளின் முடிவில் நாயிடம் சொல்வது. போதும், வேலை முடிந்தது, என்னிடம் வா என்று பொருள். அத்துடன் சோறு போடும் வழக்கம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த நாய்கள் அதற்காக வருவதில்லை என்றார்.

17. இருபத்தாறு ஆண்டுகளாக ஆங்கிலக் கப்பல் விவரங்களைத் தமிழில் எழுதுகிறவன் நான். மூன்றேகால் ஆண்டு அந்தச் சொல்லை என் வீட்டில் தினமும் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால், பானை காலியாக இருந்த அந்தப் பகலிலும் என் மகள் அதைச் சொல்லியிருப்பாள். எனவே தங்கள் ஆட்கள் விசாரிக்காததை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேஸ்திரிக்கோ வண்டி ஆட்களுக்கோ தண்டனை எதையும் நான் கோரவில்லை.

18. கோருவது இவை. முதலாவது, 6-2-1951 பதிவில் ‘வெறி’ என்ற சொல்லை நீக்க வேண்டும். ‘வெறி இல்லை’ என்று தங்களால் எழுத முடியாது என்பதை அறிவேன். சோதிக்கும் நிலையில் உடல் இல்லை. ஆகவே, ‘உரிமம் பெற்ற ஆட்டு நாய், வில்லை எண் 318. வெறி என்பது சோதிக்கப்படவில்லை. பிடிபட்டபோது வேலை செய்துகொண்டிருந்ததாகச் சாட்சி உண்டு’ என்று எழுதினால் போதும். இதில் உண்மைக்கு அதிகமான சொல் ஒன்றும் இல்லை. அதன் நகல் கிடைத்த மறுநாள் பத்திரிகையில் திருத்தம் வரும். என் மகள் பள்ளிக்குப் போவாள். இரண்டாவது, கழுத்துப் பட்டையும் வில்லையும் தங்கள் கொட்டகையில் இருக்குமானால் திருப்பித் தர வேண்டும்.

19. மூன்றாவது, கொல்லப்பட்ட நாய்களைப் புதைக்கும் மைதானத்துக்கு வெளியார் வர அனுமதி இல்லை என்று குமாஸ்தா சொன்னார். வரும் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த பிறகு, கால்மணி நேரம் என் மகள் அங்கே வர அனுமதி வேண்டும். ராயன் எந்த இடத்தில் இருக்கிறது என்று திட்டமாகத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதற்குக் கேட்கும் என்கிறாள். அவள் அங்கே சொல்ல விரும்பும் சொல் எது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதன் பொருளை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரியும். ஒவ்வொரு நாளும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவருகிறேன்.

20. ஆகையால் அவள் தட்டோடுதான் வருவாள். நீலக்கரை போட்ட எனாமல் தட்டு. அதில் மீன்குழம்புச் சோறு இருக்கும். சனிக்கிழமை தன் பங்கிலிருந்து எடுத்து வைக்கப்போவதாக இப்போதே சொல்லியிருக்கிறாள். அது என்ன, யாருக்கு என்று வாசல் காவலாளி அவளைக் கேட்காமலும், தடுக்காமலும் உள்ளே விடும்படி அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உரிமச் சீட்டின் நகல், பச்சையம்மாளின் வாக்குமூலம், மதார் சாகிப் அவர்களின் கடிதம், 7-2-1951 நாளிட்ட செய்தித் துணுக்கு ஆகியவை இத்துடன் உள்ளன.

ராயபுரம்,
5-3-1951.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அ. கஸ்பார்